விண்கருவிக்கு வாசித்த கலியாண அறிவித்தல்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர், நான் முன்பு வேலை செய்த ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளம் பொறியியலாளர். என்னை அவருக்குத் தெரியாது. ஓய்வுபெற்றவர்களின் பெயர்களுக்குள் தேடிப் பிடித்திருக்கிறார். அவர் கேட்டது இதுதான்: "எங்கள் செயல்முறைக் கைந்நூலில் ‘பேசாலை’ என்று ஒரு படி இருக்கிறது. திருப்பி எடுக்க முடியாத எந்தக் கட்டளையையும் விண்கலத்துக்கு அனுப்புமுன் அதைப் பேசாலை செய்யவேண்டும் என்று எழுதியிருக்கிறது. இது எதன் சுருக்கம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது கட்டளைகளைக் கணினியே சரிபார்த்துவிடுவதால் இந்தப் படியை எடுத்துவிடலாமா?"

அவருடைய நண்பர் ஒருவர், அது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று விளக்கம்கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தாராம். நான் சிரித்த சிரிப்பில் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. பேசாலை என்பது மன்னார்த் தீவில் நான் பிறந்த ஊர் என்றும், அந்தப் படியைத் தயவுசெய்து எடுக்கவேண்டாம் என்றும் இரண்டு வரி பதில் போட்டேன். மீதிக் கதை இரண்டு வரிக்குள் அடங்காது. அதைத் தமிழில் எழுதினால்தான் எனக்கும் ஆசை தீரும்.

நான் படித்த கதை சுருக்கமானது. மன்னாரில் உயர்தரம், கொழும்பில் பௌதிகம், பிறகு எங்கள் வயதுப் பெடியள் எல்லோரும் பறந்த காலத்தில் நானும் பறந்து இங்கிலாந்தில் மேற்படிப்பு. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து படித்த அனுபவத்தை மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். நானும் நின்றேன், குளிர்ந்தது, அவ்வளவுதான்.

படித்து முடித்ததும் ஒரு விண்வெளித் தொலைநோக்கிக்கு நிறமாலைமானி செய்துகொண்டிருந்த குழுவில் சேர்ந்தேன். எங்கள் உயர்தரப் புத்தகத்தில் இதைத் திருசியமானி என்று படித்திருக்கிறோம். வெள்ளி ஒன்றிலிருந்து, அதாவது நட்சத்திரம் ஒன்றிலிருந்து, வரும் ஒளியை அது நிறம் நிறமாகப் பிரித்து விரித்துப் போடும். விரித்த ஒளியில் மெல்லிய கோடுகள் தெரியும். எந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் அந்த வெள்ளியில் என்ன வாயு இருக்கிறது, அது என்ன வேகத்தில் ஓடுகிறது என்றெல்லாம் சொல்லிவிடலாம். கோடு கூராக இருந்தால் கருவி நல்ல கருவி. கோடு தடித்துப்போனால் அத்தனை பேருடைய உழைப்பும் கடலில் கரைத்த புளி. தரையில் வைத்துச் சோதித்தபோது கருவி எப்படி வேலை செய்ததோ அப்படியே வானத்திலும் செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பரியாரி நாடி பிடிப்பதுபோலத்தான். என்ன, நோயாளி தலைக்கு மேலே பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

எங்கள் தலைவி எல்ஸ்பெத். ஸ்கொட்லாந்துக்காரி, நெடுத்த மனுசி, பேச்சு மட்டும் மெல்லிசு. கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு அப்பிள் சாப்பிடுவார். நித்திரை என்று நினைத்துப் புதியவர்கள் ஏதாவது பிதற்றினால் அப்பிள் கடிக்கும் சத்தம் நிற்கும். அதுதான் ஆபத்துக்கு அறிகுறி. யாராவது ஒரு கருத்தை எதிர்த்தால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். எழுந்துபோய், எதிர்த்தவர் சொன்ன சொற்களை அப்படியே கரும்பலகையில் எழுதுவார். எழுதிவிட்டு, "இதுதானே நீ சொன்னது?" என்று கேட்பார். தன் சொற்களைப் பலகையில் பார்த்ததும் பாதிப் பேர் தாங்களாகவே வாபஸ் வாங்கிவிடுவார்கள். மீதிப் பேரிடம் அடுத்த கேள்வி வரும்: "எப்படித் தெரியும்?" அந்த இரண்டு கேள்விகளுக்கும் தப்பி நிற்கிற கருத்து, ஆயுளுக்கும் நிற்கும்.

கருவியை வெற்றிடத் தொட்டிக்குள் வைத்துக் குளிராக்கிச் சோதித்த காலத்தில் ஒருநாள், எங்களில் ஒருவர் அவசரத்தில் ஒரு மூடியைப் பூட்டும் கட்டளையை அனுப்பிவிட்டார். அது பூட்டினால் கையால் மட்டும்தான் திறக்கலாம். கைக்குத் தொட்டிக்குள் போக வழியில்லை. திரும்பவும் தொட்டியைச் சூடாக்கி, காற்றை விட்டு, திறந்து, மூடி, குளிராக்கி… கிழமைக் கணக்கில் வேலை கெட்டது. அடுத்த நாள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இன்னொரு கையெழுத்து வைக்கலாம், இன்னொரு பூட்டு வைக்கலாம் என்று பேச்சுப் போனது. எனக்குப் பசி. பசியில் என் வாய்க்குக் காவல் இருக்காது.

"எங்கள் ஊரில் ஒருவரையொருவர் விரும்புகிற இரண்டு பேரைக் கட்டிவைப்பதற்கே மூன்று ஞாயிறு கேட்டுப் பார்த்துத்தான் செய்வார்கள்," என்றேன்.

அப்பிள் சத்தம் நின்றது. எல்ஸ்பெத் கண்ணைத் திறந்து, "அதைச் சொல்லு," என்றார்.

சொன்னேன். பேசாலையில் ஒரு கலியாணம் என்றால், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி அறிவித்தல் வாசிப்பார். இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னாரை விவாகம் செய்யப்போகிறார், இதற்குத் தடை இருக்கிறதென்று அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முழுச் சபைக்கும் கேட்க வாசிப்பார். "ஏன் மூன்று தரம்?" என்று எல்ஸ்பெத் கேட்டார். முதல் ஞாயிறு சனம் பெயரை மட்டும்தான் கேட்கும், இரண்டாம் ஞாயிறு அதைப்பற்றி வம்பளக்கும், மூன்றாம் ஞாயிறுதான் யோசிக்கும் என்றேன். "தடையை எழுதி அனுப்பலாமா?" என்றார். அனுப்புவார்கள், அதற்குப் பெயர் மொட்டைக் கடிதம், சுவாமி அதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார், தடை சொல்கிறவர் தன் வாயால் சொல்லவேண்டும் என்றேன்.

நான் பகிடியாகச் சொன்னது. அவர் பகிடியாக எடுக்கவில்லை. அன்றிலிருந்து, திருப்பி எடுக்க முடியாத எந்தக் கட்டளையையும் வெவ்வேறு மூன்று கூட்டங்களில், சாதாரண வாயால் பேசுகிற மொழியில், உரக்க வாசிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் தடை உண்டா என்று கேட்கவேண்டும். தடை வாயால் வரவேண்டும், மின்னஞ்சல் செல்லாது. இரண்டே மாதத்தில் அந்த ஆய்வுகூடத்தில் வெள்ளைக்காரர்கள் நடைபாதையில் நின்று, "அந்தக் கட்டளையைப் பேசாலை செய்தாயிற்றா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குத்துவிளக்கு ஏற்றியதுபோல இருக்கும். ஒரு மீன்வாடி ஊரின் பெயரை வினைச்சொல்லாக்கியவன் என்று என் கல்லறையில் பொறித்தால் எனக்குப் போதும்.

தொலைநோக்கி மேலே போனது. ரொக்கெட் போன கதையை விடுகிறேன். அது போனது, நாங்கள் அழுதோம். கருவியை முதன்முதலில் இயக்கி, அதற்குள்ளேயே இருக்கிற சிறு விளக்கை ஏற்றிப் பார்த்தோம். கோடுகள் ஊசி ஊசியாக நின்றன. தரையில் பார்த்ததைவிட ஒரு மயிரிழைகூடப் பிசகில்லை. நான் மேசையில் ஏறி நின்றேன் என்று பிறகு சொன்னார்கள். பிறகு தொலைநோக்கியை ஒரு வெள்ளியை நோக்கித் திருப்பினோம். கோடுகள் தடித்து, தேத்தண்ணியில் ஊறிப்போன பாண் துண்டைப்போலப் பரவிக் கிடந்தன. மேசையிலிருந்து இறங்கினேன்.

காரணம் எல்லோருக்கும் வெளிச்சமாகத் தெரிந்தது. உள்விளக்கின் கோடு கூராக இருக்கிறதென்றால் கருவியின் உள்வேலை சரி. வெள்ளியின் கோடு கலங்கியிருக்கிறதென்றால் வெளியிலிருந்து வருகிற ஒளி குவியாமல் வருகிறது. அதற்கென்றே கருவியின் வாசலில் ஒரு சிறு கண்ணாடி வைத்திருந்தோம். அதை வேண்டிய அளவு நகர்த்தலாம், ஆனால் ஒரே ஒரு தரம்தான். நகர்ந்த இடத்தில் வில்லு விழுந்து பூட்டிக்கொள்ளும். சரியான இடத்தில் பூட்டினால் கருவிக்கு உயிர். பிழையான இடத்தில் பூட்டினால் அந்தக் கருவி இருக்கிறவரை எல்லா வெள்ளியும் கலங்கலாகத்தான் தெரியும். ஆகவே கண்ணாடியை நகர்த்தும் கட்டளையைப் பேசாலை செய்யத் தொடங்கினோம். முதல் வாசிப்பில் ஒருவரும் தடை சொல்லவில்லை. நான் வாசிப்பைக் கேட்டுவிட்டு விமானம் ஏறினேன், ஏனென்றால் எனக்கும் கலியாணம்.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்களெல்லாம் கூட்டம் கூட்டமாக ஊருக்கு வந்து கலியாணம் செய்தார்கள். மண்டபம் கிடைக்காது, பாண்ட் வாத்தியம் கிடைக்காது, கேக் போடுகிற மனுசியைப் பிடிக்க எம்பியைப் பிடிக்கவேண்டும். எனக்கு நாற்பது வயதாகியிருந்தது. தலைமன்னார் ஜெசிந்தாவை எனக்கு அக்கா பேசிவைத்தார். உயிலங்குளத்தில் கணித ரீச்சர். ஒரு வருடமாகத் தொலைபேசியில் கதைத்தோம், பெரும்பாலும் லைன் கட்டாகிவிட்டதா என்பதைப்பற்றி.

நான் ஊருக்கு வந்த ஞாயிறு, எங்கள் கோயிலில் எனக்கு இரண்டாம் வாசிப்பு. அதே கிழமை, அங்கே கண்ணாடிக்கு இரண்டாம் வாசிப்பு. இரண்டுக்கும் தடை வரவில்லை. அடுத்த ஞாயிறு எனக்கு மூன்றாம் வாசிப்பும் முடிந்தது. கண்ணாடிக்கு மூன்றாம் வாசிப்பு என் கலியாண நாளன்றே விழுந்தது. அங்கே காலைக் கூட்டம், இங்கே பின்னேரக் கலியாணம். வாசித்த கையோடு கட்டளை மேலே போகும்.

மன்னார் ரவுணில் நிசாம் நானா ஒரு கொமினிகேசன் வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கதைக்க ஒரு கண்ணாடிக் கூண்டும், மின்னஞ்சல் பார்க்க ஒரு கிழட்டுக் கணினியும் அங்கே இருந்தன. கலியாணத்துக்கு முதல்நாள் காலை அங்கே போய், ஆய்வுகூடத்திலிருந்து வந்த அளவுகளை அச்சடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். ஏனென்றால் தான் தங்கியிருக்கும் குருமனைக்குச் சுவாமி எங்கள் இரண்டு பேரையும் கடைசி ஆயத்தத்துக்கு வரச்சொல்லியிருந்தார்.

சுவாமி நல்லவர், ஆனால் நீளமானவர். பொறுமையைப்பற்றித் தொடங்கினார். நான் திருமண ஆயத்தப் புத்தகத்துக்குள் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டேன். ஐந்து வெள்ளிகளின் கோடுகள் எவ்வளவு தடிப்பு என்று அதில் இருந்தது. நான்கு மோசம். ஒன்று கூர். அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் என் சகா, "அளவில் ஐயம், விட்டுவிடலாம்" என்று குறித்திருந்தார். எனக்கு விட மனம் வரவில்லை. அந்த வெள்ளிகள் வானத்தில் எங்கே இருக்கின்றன என்பது, சொந்தக்காரர் வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதுபோல எனக்குப் பாடம். நான்கும் தொலைநோக்கி சுற்றுகிற வட்டத்தின் பக்கவாட்டில் இருப்பவை. அந்த ஐந்தாவது மட்டும் வட்டத்துக்கு நேர் மேலே, அதன் துருவத்தில் இருப்பது.

"அன்ரனி, பொறுமை எண்டால் என்ன?" என்று சுவாமி கேட்டார்.

"துருவத்துக்குப் பக்கத்தில, சுவாமி," என்றேன்.

ஜெசிந்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். சுவாமி புத்தகத்தை மூடினார். "வெளியில போய்க் கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு வாங்கோ ரெண்டு பேரும்," என்றார்.

விறாந்தையில் நின்று ஜெசிந்தா கேட்டாள்: "என்ன துருவம்? எனக்கும் சொல்லுங்கோ."

சொன்னேன். தொலைநோக்கி பூமியைச் சுற்றும்போது பாதி நேரம் வெள்ளியை நோக்கிப் போகிறது, பாதி நேரம் அதை விட்டு விலகுகிறது. நோக்கிப் போனால் கோடு ஒரு பக்கம் நகரும், விலகினால் மற்றப் பக்கம் நகரும். அப்படியே விட்டால் கோடு இரண்டு பக்கமும் இழுபட்டுத் தடித்துவிடும். அதற்காக மேலே ஒரு சிறு கணினி, கோடு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவையும் உடனுக்குடன் எதிர்ப்பக்கம் தள்ளித் திருத்துகிறது. உள்விளக்கு கருவியோடு சேர்ந்தே ஓடுவதால் அதற்கு இந்தத் திருத்தம் இல்லை. துருவத்தில் இருக்கிற வெள்ளிக்கு நோக்கிப் போவதும் இல்லை, விலகுவதும் இல்லை; அதற்கும் திருத்தம் இல்லை. அந்த இரண்டும்தான் கூராக இருக்கின்றன. திருத்தம் நடக்கிற இடமெல்லாம் கலங்கல்.

"அப்ப திருத்தம் எதிர்ப்பக்கம் தள்ளாமல் அதே பக்கம் தள்ளுது," என்றாள் ஜெசிந்தா.

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"ஒரு மடங்குப் பிழையை இல்லாமல் ஆக்கப் போய் ரெண்டு மடங்காக்கியிருக்கு. திருத்தத்தை நிப்பாட்டிப் பாத்தால் ஒரு மடங்குதான் மிஞ்சும். தடிப்புப் பாதியாகும். கண்ணாடியில பிழையெண்டால் அப்பிடிக் குறையாது, கூடத்தான் செய்யும். நிப்பாட்டிப் பாருங்கோவன்."

அவள் அதை மாட்டுவண்டிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எதையும் பூட்டாமல், எந்தக் கண்ணாடியையும் அசைக்காமல், ஒரே அவதானிப்பில் உண்மையைச் சொல்லிவிடுகிற சோதனை அது. அக்கா பேசி, அழைப்பிதழ் அடித்து, மண்டபம் எடுத்து, கலியாணத்துக்கு முதல்நாள்தான் எனக்குக் காதல் வந்தது.

ஆனால் தடையை வாயால் சொல்லவேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது என்று வாய் கிழியப் பேசியவன் நான். நிசாம் நானாவின் கடைக்குத் திரும்பப் பஸ் பிடித்து ஓடி, எங்கள் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: மூன்றாம் வாசிப்புக்கு எனக்குத் தடை இருக்கிறது, கூட்டம் தொடங்கும்போது இந்த இலக்கத்துக்கு எடுங்கள். இலக்கம், கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற குருமனையினுடையது. சுவாமியிடம் அனுமதி கேட்டேன். "கலியாண நேரத்தில என்ன கோல் தம்பி?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சுருக்கமாய்க் கதையும்," என்றார். அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே பெரிய காரியம்.

மறுநாள் பின்னேரம் கோட்டும் சூட்டும் போட்டு, மன்னார் வெயிலில் வடிந்துகொண்டு, குருமனைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். மணி அடித்தது. எடுத்தேன். கூட்டம் தொடங்கிவிட்டது, என் விசயம் பட்டியலில் கடைசி என்றார் செயலாளர். யாரோ ஒருவர் மின்கலத்தின் வெப்பநிலையைப்பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். கோயிலில் சனம் நிறைந்துவிட்டது. கலியாணப் பொம்பிளையின் கார் வழியில் கழுதைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது என்று சேதி வந்தது. மன்னார்க் கழுதைகளை நான் வாழ்நாளில் வாழ்த்தியது அன்றைக்குத்தான். மின்கலம் முடியவில்லை. கழுதைகள் விலகிவிட்டன. பாண்ட் சத்தம் கேட்டது.

வாசலில் மரியதாஸ் வந்து நின்றார். ஜெசிந்தாவின் அண்ணன், மூன்று பேர் தூக்குகிற இயந்திரத்தைத் தனியே தூக்கிப் படகில் வைக்கிறவர். மாப்பிள்ளை கோயிலில் இல்லை என்று ஊர் கதைக்கத் தொடங்கியிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். அவருக்குப் பின்னால், பூசை உடுப்போடு சுவாமி.

அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் எல்ஸ்பெத்தின் குரல். "மூன்றாவதும் கடைசியுமான வாசிப்பு. வாசல் கண்ணாடியை நகர்த்துகிறோம். நகர்ந்த இடத்தில் அது பூட்டிக்கொள்ளும். அதைத் திருப்பி எடுக்க முடியாது. தடை உண்டா?"

"உண்டு," என்றேன் உரக்க, ஆங்கிலத்தில். "நான் தடை சொல்கிறேன். இதை நடத்தவேண்டாம்."

சுவாமிக்கு ஆங்கிலம் தெரியும். முகம் அப்படியே வெளிறிப்போனது. மரியதாசுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் சுவாமியின் முகம் தெரியும். "என்னவாம் சுவாமி?" என்றார். நான் ஒரு கையால் தொலைபேசியின் வாயை மூடிக்கொண்டு, "இது கண்ணாடிக்கு, சுவாமி, கண்ணாடிக்கு," என்றேன். அது ஒருவருக்கும் ஆறுதலாக இருக்கவில்லை.

தொலைபேசியில் வெண்கட்டி கீறும் சத்தம் கேட்டது. நான் சொன்னதை அவர் பலகையில் எழுதுகிறார். "கலங்கலுக்குக் காரணம் குவியம் அல்ல, ஓட்டத்திருத்தம் தலைகீழாக வேலை செய்கிறது. இதுதானே நீ சொல்வது?"

"இதுதான்."

"எப்படித் தெரியும்?"

துருவ வெள்ளியைச் சொன்னேன். உள்விளக்கைச் சொன்னேன். திருத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளியைப் பாருங்கள், தடிப்புப் பாதியாகும் என்றேன். அறையில் முணுமுணுப்பு. இன்றைய வாய்ப்பை விட்டால் தொலைநோக்கி மற்றக் கருவிகளிடம் போய்விடும், திரும்ப எங்கள் முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்று யாரோ சொன்னார். அது உண்மைதான். ஒரு ஆளுடைய பேச்சை நம்பி, அதுவும் லீவில் நிற்கிற ஆளுடைய பேச்சை நம்பி, எல்லோரும் காத்திருக்கவேண்டும். நான் பிழை என்றால் குழு முழுவதும் என்னால் பின்னுக்குப் போகும். நான் சரியாக இருந்து அவர்கள் கேட்காவிட்டால் கருவியே போய்விடும்.

அப்பிள் கடிக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு தூரத்திலிருந்து கேட்டாலும் அது எனக்கு அடையாளம் தெரியும். "பாதியாகாவிட்டால்?" என்றார்.

"பாதியாகாவிட்டால் தடையை வாபஸ் வாங்குகிறேன். கண்ணாடியை அடுத்த முறையும் நகர்த்தலாம். நகர்த்தியதை ஒருநாளும் திருப்ப முடியாது."

"தடை ஏற்கப்பட்டது," என்றார் எல்ஸ்பெத். "கட்டளையை நிறுத்துங்கள். கிடைத்த நேரத்தில் அவன் சொன்ன சோதனையைச் செய்வோம்." பிறகு கேட்டார்: "உனக்குப் பின்னால் ஏதோ மணி அடிக்கிறதே, அது என்ன?"

"என் கலியாணம்."

"அப்படியானால் ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?" என்று சொல்லி அவரே லைனைக் கட் பண்ணினார்.

நான் ஓடினேன். மரியதாஸ் எனக்குப் பின்னால் ஓடிவந்தார், துணைக்கா பிடிக்கவா என்று தெரியவில்லை. கோயில் வாசலில் ஜெசிந்தா பூச்செண்டோடு நின்றுகொண்டிருந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் கேள்வி மட்டும்தான் இருந்தது.

"நிப்பாட்டியாச்சோ?" என்றாள்.

"நிப்பாட்டியாச்சு."

"அப்ப வாங்கோ. இதை நடத்துவம்."

அண்ணன்காரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிச் சாமான்தான்," என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பூசை நடந்தது. என்னிடம் சம்மதம் கேட்டபோது நான் தேவைக்கு மேலே சத்தமாகச் சொல்லிவிட்டேனாம். பாட்டுக்குழுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அடுத்து வந்த நாட்கள் விருந்தும் நெஞ்சிடியும். ஒவ்வொரு வீட்டிலும் கோழிக்கறி, ஒவ்வொரு வீட்டிலும் நான் பாதித் தட்டோடு எழும்புவேன். பாதியாகாவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் சோறு இறங்காது. ஜெசிந்தா மட்டும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "உமக்குப் பயமில்லையோ?" என்று கேட்டேன். "கணக்கில பிழையிருந்தால்தானே பயப்பிட," என்றாள்.

பிறகு ஒருநாள் காலை நிசாம் நானா சைக்கிளில் பேசாலைக்கே வந்துவிட்டார். "வெளிநாட்டுக் கடுதாசி ஒண்டு வந்து கிடக்கு தம்பி, படத்தோட. படம் திறக்கக் கனநேரம் எடுக்கும் போல," என்றார். இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம்.

அந்தக் காலத்துக் கணினியில் படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கும். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கோடுகள் வரைந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: திருத்தத்தோடு எடுத்தது சிவப்பு, நிறுத்தி எடுத்தது நீலம். கோடு மெலிந்தால் உயரும். ஆகவே எது முதலில் தலை காட்டுகிறதோ அதுதான் கூர். கட்டத்தின் மேல் விளிம்பு வந்தது. வெள்ளை. இன்னும் வெள்ளை. நிசாம் நானா கணினியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் ஜெசிந்தாவின் கையைப் பிடித்திருந்தேன், மோதிரம் குத்தியது.

நீலம் வந்தது. ஒரு சிறு நுனி, பிறகு தோள். அது இறங்கி இறங்கிக் கட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்தபிறகுதான் சிவப்பு தலையைக் காட்டியது, அதுவும் சோம்பேறித்தனமாய்ப் படுத்துக்கொண்டு. ஜெசிந்தா திரையில் விரலை வைத்துச் சிவப்பின் அகலத்தை அளந்தாள், பிறகு நீலத்தை அளந்தாள்.

"பாதி," என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று நிசாம் நானா இன்றைக்கும் எல்லோருக்கும் நடித்துக் காட்டுவார். ஒரு நாற்பது வயதுப் புது மாப்பிள்ளை கண்ணாடிக் கூண்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தது உண்மை. மற்றதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு.

பிழை எப்படி வந்தது என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒளியைப் பிடிக்கிற தகடு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைச் செய்த குழு, மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று தங்கள் பக்கமே இடம் வலம் மாற்றிக் கொடுத்துவிட்டது. கணினி எழுதிய குழுவுக்கு அது தெரியாது; அவர்களும் மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று தங்கள் பக்கமும் மாற்றிவிட்டார்கள். தரையில் சோதித்தபோது திருத்தம் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தோமே தவிர, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கவில்லை. இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்து ஒரு தொலைநோக்கியைக் குருடாக்கப் பார்த்தது. இப்போது ஒரு குறியை மாற்றி எழுதி மேலே அனுப்பியாயிற்று, வெள்ளிகளின் கோடுகள் உள்விளக்கின் கோடுகளைப்போலவே கூராக நிற்கின்றன என்று முடித்திருந்தார்கள்.

அதற்கும் கீழே எல்ஸ்பெத் தன் பங்குக்குச் சேர்த்திருந்தார்: "கண்ணாடி அசையவில்லை. இனி அசையவும் தேவையில்லை. உன் தடையால் எங்கள் கலியாணம் நின்றுபோனது. உன்னுடையது நடந்ததா?"

பதில் எழுத விசைப்பலகையில் கையை வைத்தேன். சந்தோச அவசரத்தில் ஓர் எழுத்தும் ஒழுங்காக விழவில்லை. ஜெசிந்தா என் கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். நடந்தது என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, திருப்பி எடுக்க முடியாது என்று சேர்த்து அனுப்பினாள்.